வழுக்கியின் தலையில் இருபத்துமூன்று தையல்

மீன்கள் இரை பிடிக்க மட்டுமல்லாமல் வம்பு பேசவும் வாயைத் திறந்த அந்தக் காலத்தில், தென்கடற்கரையில் கொண்டலி என்று ஒரு ஓடாவி இருந்தாள். படகு கட்டுகிறவர்களை அங்கே ஓடாவி என்பார்கள். ஊரில் மற்ற ஓடாவிகள் எல்லாரும் கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் துடுப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கொண்டலி மட்டும் படகுக்குப் பாய் கட்டினாள்.

அவளுக்கு அந்த யோசனை வந்ததே வெயிலால்தான். ஆறு வயதில் அப்பாவின் கட்டுமரத்தில் போகும்போது வெயில் தாங்காமல் ஓலைப்பாயைத் தூக்கி நிறுத்திக்கொண்டு அதன் நிழலில் ஒடுங்கினாள். காற்று பாயைப் பிடித்துத் தள்ளியது. யாரும் துடுப்புப் போடாமலே கட்டுமரம் பறந்தது. "ஏட்டி, கீழ போடு! கீழ போடு!" என்று அப்பா அலறினார். கொண்டலி போடவில்லை. பயத்தில் கை விறைத்துப் போயிருந்தது.

ஆமாம், அவளுக்குக் கடல் என்றால் பயம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயப்படாதவர்கள் எந்தக் கட்டையிலும் ஏறிப் போய்விடுகிறார்கள். பயந்தவளுக்குத்தான் கவிழாத படகு வேண்டியிருந்தது. பயம் வந்தால் அவள் கை உளியைத் தேடும்.

ஏழு படகு செய்தாள். முதலாவது மிதக்கவே இல்லை. இரண்டாவது செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. நான்காவது மிக அழகாகக் காற்றோடு போனது. திரும்பி வரத்தான் தெரியவில்லை. அவள் மூன்று ஊர் தாண்டிக் கரையேறி, பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

இந்த ஏழு படகையும் ஒன்று விடாமல் பார்த்தது ஒரு மீன். அதன் பெயர் வழுக்கி. கை நீளம், சாம்பல் நிறம், முட்டை ஓடு போல வழவழவென்ற தலை. அந்தத் தலையில் அதற்கு அவ்வளவு கர்வம். நீந்துவதற்கோ அவ்வளவு சோம்பல். கொண்டலி படகைத் தண்ணீரில் இறக்கினால் போதும், தம்பிமார் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு கரையோரம் வந்துவிடும்.

"ஓடாவியம்மா, இது எப்ப கவிழும்? சொல்லிட்டுக் கவிழ்த்தா நாங்க சாப்பிட்டுட்டு வந்துருவோம்ல?"

"உன்னைக் குழம்பு வைக்க மாட்டேன்னு மட்டும் நினைக்காதே" என்பாள் கொண்டலி.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. சங்கு குளிக்க அவள் புருஷன் கூத்தனும் இன்னும் ஐந்து பேரும் தெற்கே தெரிந்த தீவுக்குப் போனார்கள். மரமில்லாத, நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாத தீவு. போன மறுநாளே சோழகக் காற்று தொடங்கிவிட்டது. தெற்கிலிருந்து வீசும் காற்று அது; தீவிலிருந்து நேரே ஊர்முகத்துக்கு அடிக்கும். மூன்றாம் நாள் அவர்களுடைய கட்டுமரம் துண்டு துண்டாகக் கரை ஒதுங்கியது. கூத்தன் போட்ட முடிச்சு ஒரு கட்டையில் அப்படியே இருந்தது.

ஆனால் தீவில் காலையும் மாலையும் புகை எழுந்தது. உயிரோடு இருக்கிறார்கள்! ஊரே துடுப்போடு கிளம்பியது. நான்கு முறை போய், நான்கு முறையும் காற்று அவர்களைக் கொண்டுவந்து மணலில் போட்டது. "காத்து திரும்பட்டும்" என்றார்கள் பெரியவர்கள். காற்று திரும்ப இரண்டு மாதம் ஆகும். தீவுக்குப் போனவர்கள் கொண்டுபோனது இரண்டு குடம் தண்ணீர்.

கொண்டலி பாதி தைத்துக் கிடந்த எட்டாவது படகின் முன்னால் நின்றாள். ஒன்பது மாதப் பிள்ளை இடுப்பில் சிணுங்கியது. காற்றுக்கு எதிரே பாய் எப்படிப் போகும்? பாயைச் சாய்த்துப் பிடித்தால் கொஞ்சம் முன்னால் போகிறது, ஆனால் அதைவிட அதிகமாகப் பக்கவாட்டில் சறுக்குகிறது. அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏம்மா, உன் படகு ஏன் சறுக்குதுன்னு இன்னுமா தெரியல?" என்றது வழுக்கி. "என்னைப் பாரு. முதுகுல துடுப்பு, வயித்துல துடுப்பு. நீரோட்டம் எந்தப் பக்கம் அடிச்சாலும் நேரா நிப்பேன். உன் படகு வயித்துல என்ன இருக்கு? ஒண்ணும் கிடையாது. பூசணிக்காய்!"

தம்பிமார் எட்டுப் பேரும் சிரித்தார்கள். கொண்டலி சிரிக்கவில்லை. பிள்ளையை மணலில் உட்கார வைத்துவிட்டு உளியை எடுத்தாள்.

கூத்தனின் தங்கை சேந்தி ஓடி வந்தாள். இரண்டு பேருமாகப் படகைக் குப்புறக் கவிழ்த்தார்கள். நீளமான பனம்பலகை ஒன்றை அதன் வயிற்றில் செங்குத்தாக நிறுத்தித் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். இருபத்துமூன்று தையல். ஒவ்வொரு தையலிலும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பசையை அப்பினார்கள். அது காய இரண்டு பகல் வேண்டும்.

மறுநாள் காலையில் தீவில் புகை எழவில்லை.

"தள்ளு" என்றாள் கொண்டலி.

"மதினி, குங்கிலியம் இன்னும் காயல. இங்க பாருங்க, தொட்டா விரல் ஒட்டுது!"

"தள்ளுன்னேன்."

"பிள்ளையை யாருகிட்டயாவது..."

"என் பிள்ளை ஏற முடியாத படகுல நான் யாரைப் போய் ஏத்திட்டு வரப் போறேன்?" பிள்ளையைச் சேலையால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பயத்தோடேதான் ஏறினாள். நான்கு குடம் தண்ணீரை நடுவில் வைத்துவிட்டுச் சேந்தி சுக்கானைப் பிடித்தாள்.

பாய் விரிந்தது. படகு சாய்ந்தது. சறுக்கவில்லை!

வலது பக்கமாகக் கொஞ்ச தூரம் சீறிக்கொண்டு போனது. கொண்டலி பாயை மறுபக்கம் மாற்றினாள். இடது பக்கமாகக் கொஞ்ச தூரம். மறுபடியும் வலது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தீவு கொஞ்சம் பெரிதானது.

"கள்ளு குடிச்சவன் வீட்டுக்குப் போற மாதிரில்ல போவுது!" என்று கரையில் ஒருவர் கத்தினார்.

"குடிச்சவனும் வீடு போய்ச் சேர்றானா இல்லையா?" என்று சேந்தி திருப்பிக் கத்தினாள். "மதினி, காத்தை எதிர்த்துப் போறோம் மதினி! காத்து மூஞ்சியில அடிக்குது, நாம அதுமேலயே ஏறிப் போறோம்!"

கொண்டலி பயத்தோடே சிரித்துக்கொண்டு பாய்க்கயிற்றை இன்னும் இறுக்கினாள். கீழே வழுக்கியும் தம்பிமாரும் பின்தொடர்ந்து வந்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக வழுக்கி அப்படி நீந்தியது. "போவுதுடா! போவுதுடா!" என்று அது கத்தியது அதற்கே கேட்கவில்லை.

தீவின் மணல் தெரிந்தது. மணலில் படுத்துக் கிடந்த ஆட்களும் தெரிந்தார்கள். ஒருவன் முழங்காலில் எழுந்து கையை ஆட்டினான்.

அப்போது கடலுக்குள் இருந்த பாறை ஒன்றில் படகின் அடி மோதியது. படீரென்று ஒரு சத்தம். பனம்பலகை ஒடிந்து, கயிறுகளிலிருந்து உருவிக்கொண்டு மிதந்து போனது. மறுகணமே படகு பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கியது. பின்னால் வெள்ளை நுரை கக்கும் பாறை வரிசை. பிள்ளை வீறிட்டது.

"வழுக்கி!" கொண்டலி தண்ணீர்ப் பக்கம் தலையை நீட்டிக் கத்தினாள். "வயித்துல துடுப்பு இல்லேன்னு சொன்னியே, இப்ப நிஜமாவே இல்ல. நீ வந்து நில்லு!"

"நானா? குங்கிலியம் ஒட்டும்மா! என் தலை என்ன ஆவுறது?"

"உன் தலை பெருசா, இவ தலை பெருசா?" அவள் பிள்ளையின் தலையைக் கையால் மூடியிருந்தாள்.

வழுக்கி பாறையைப் பார்த்தது, படகைப் பார்த்தது. பிறகு தனக்குள் பேசுவதுபோலச் சொன்னது: "ஏழு தோத்ததைப் பார்த்தாச்சு. ஒண்ணு போய்ச் சேர்றதைப் பார்க்காம நான் எங்க போக?" தம்பிமார் பக்கம் திரும்பியது. "வாங்கடா! முன்னும் பின்னுமா வரிசையா நில்லுங்க. தலையை வச்சு அமுக்குங்க!"

ஒன்பது மீன்கள் ஒன்பது தலையையும் படகின் வயிற்றில், பசை காயாத தையல்களின்மேல் அமுக்கின. உடம்புகளைப் பலகைபோல விறைத்து நிறுத்தின. குங்கிலியம் இறுகப் பிடித்துக்கொண்டது. அலை அடித்தது, மீன்கள் அசையவில்லை. சறுக்கிய படகு நின்றது. நின்ற படகு காற்றுக்குத் தோளைக் கொடுத்தது. கொண்டலி பாய்க்கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்தாள். ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். மணல்!

ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். விறகு தீர்ந்துபோனதால்தான் அன்று புகை இல்லை. கூத்தன் வெடித்த உதட்டோடு குடத்தில் வாய் வைத்து, மூச்சு வாங்கி, பிறகுதான் படகைப் பார்த்தான்.

"எதிர்க்காத்துல எப்படி வந்தீங்க?"

"மீன் மேல ஏறி வந்தோம். நீ முதல்ல தண்ணியைக் குடி அண்ணே" என்றாள் சேந்தி.

ஆழமில்லாத தண்ணீரில் கொண்டலி இறங்கினாள், இடுப்பு வரைக்கும். ஒவ்வொரு மீனாக மெதுவாகப் பிய்த்து எடுத்தாள். வழுக்கியின் உருண்டைத் தலை தட்டையாகிவிட்டிருந்தது. உச்சியில் தென்னங்கயிற்றின் தடம் குறுக்குக் குறுக்காக, வரிசை வரிசையாகப் பதிந்திருந்தது.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டது வழுக்கி.

கொண்டலிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "தைச்ச படகு மாதிரி இருக்கே" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "தேய்ச்சு விடட்டுமா? எண்ணெய் போட்டா அழிஞ்சாலும் அழியும்."

வழுக்கி தட்டைத் தலையைத் தண்ணீரில் ஒரு தடவை அசைத்துப் பார்த்தது. "வேண்டாம். துடுப்பை அசைக்காம இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இதைவிடச் சுகம் கடல்ல உண்டா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அது சரி, திரும்பிப் போறப்பவும் உனக்குப் பயமாத்தானே இருக்கும்?"

"இருக்கும்" என்றாள் கொண்டலி.

"அப்ப நான் அடியிலேயே வர்றேன்."

அன்று தொட்டுத்தான் வழுக்கியின் வம்சமான ஒட்டுமீனின் உச்சந்தலை தட்டையாகி, தையல் தையலாக வரி விழுந்து கிடக்கிறது. அன்று தொட்டுத்தான் அது சுறாவின் வயிறானாலும் படகின் அடியானாலும், கண்ட இடத்தில் தலையை வைத்து அமுக்கிக்கொள்கிறது. மேலே பயந்த ஒருத்தி பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவள் படகு சறுக்கிவிடக் கூடாதே என்று.