பாலுக்குப் பயந்த அயிரை

ஒரு வீட்டு மீன்தொட்டியின் அடியில், மணலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு இரண்டு அயிரைகள் படுத்திருந்தன. மூத்தவள் பெயர் மணலாள். இளையவள் பெயர் புழுதி. இரண்டும் விரல் நீளம்கூட இல்லை. உடம்பெல்லாம் புள்ளி, வாயைச் சுற்றி மீசை.

இது என்ன இடமென்று மணலாளுக்கு விளங்கவே இல்லை. கண்மாயில் தண்ணீர் முடிகிற இடத்தில் கரை இருக்கும். இங்கே தண்ணீர் முடிகிற இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் போனால் மூக்கு இடித்தது. இடித்த இடத்தில் இன்னொரு அயிரை நின்று இவளையே முறைத்தது.

"நீ எந்தக் கண்மாய்க்காரி?" என்று கேட்டாள் மணலாள். அது வாயை வாயை அசைத்ததே தவிர, பதில் சொல்லவில்லை.

"அக்கா, அது நீதான்," என்றாள் புழுதி.

"நான் இங்க இருக்கேன், அது அங்க இருக்கு. அது எப்படிடி நானாகும்?"

மணலாளுக்குப் புரியாதவை இன்னும் நிறைய இருந்தன. ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரியும் என்று நினைத்திருந்தாள். அது பால் விஷயம்.

இந்த வீட்டு அழகம்மாள் சந்தையில் உயிர் அயிரை அரைக்கிலோ வாங்கி வந்திருந்தாள். அயிரை மண்ணைத் தின்கிற மீன். வயிற்று மண்ணைக் கக்குவதற்காக, சமைக்கும் முன் அதைப் பாலில் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அழகம்மாளும் ஒரு குண்டானில் பாலை ஊற்றி அத்தனையையும் அதில் விட்டாள். சொந்தபந்தம் எல்லாம் ஆசையாகப் பாலைக் குடித்தது. மணலாளும் புழுதியும் மட்டும் குண்டானின் அடியில் இருந்த நசுங்கலுக்குள் பதுங்கிக்கொண்டு, பயத்தில் வாயே திறக்கவில்லை. பால் குடித்தவர்கள் எல்லாம் மண்சட்டிக்குப் போனார்கள். அங்கே கல்லுப்பு விழுந்தது. பிறகு அடுப்பு, பிறகு புளிக்குழம்பு. குடிக்காத இருவரும் இந்தத் தொட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பால் குடிச்சவங்க சட்டிக்கு, குடிக்காதவங்க தொட்டிக்கு," என்று மணலாள் தங்கைக்குத் தினமும் சொன்னாள். "முதல்ல பால் வரும். அப்புறம் கல்லுப்பு வரும். அப்புறம் நாம இருக்க மாட்டோம். ஞாபகம் வச்சுக்க."

அந்தத் தொட்டியில் ஏற்கெனவே இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவன் பவுன்ராசு என்ற தங்கமீன். கொழுத்த உடம்பு, கண்ணெல்லாம் தீனி மேல். இன்னொருவர் ஒரு கிழட்டு நத்தை. நத்தைக்கு எல்லாமே மெதுவு. நடப்பது மெதுவு, மெல்லுவது மெதுவு, யோசிப்பது அதைவிட மெதுவு.

காலையில் மூடி திறக்கும். அழகம்மாள் ஒரு சிட்டிகை சிவப்புத் தூளைப் போடுவாள். அது தண்ணீர் மேலேயே மிதக்கும். பவுன்ராசு வாயைப் பிளந்துகொண்டு ஒரு சுற்று வருவான், தூள் காலியாகிவிடும். அயிரைக்கு வாய் கீழ்ப்பக்கம். மேலே மிதப்பதை அதனால் அள்ள முடியாது. மணலாள் ஒரு தடவை விறுவிறுவென்று மேலே போய்ப் பார்த்தாள். ஒரு வாய் காற்றுதான் கிடைத்தது.

மூன்று நாள் இப்படியே போனது.

"அந்த ரெண்டும் ஒண்ணும் திங்கலைங்க," என்று அழகம்மாள் புருஷன் வெள்ளைச்சாமியிடம் சொன்னாள். "வயிறு முதுகோட ஒட்டிப் போச்சு."

வெள்ளைச்சாமி கடைக்குப் போய்க் கேட்டு, அடியில் மூழ்குகிற தீனி ஒரு டப்பா வாங்கி வந்தான். வெள்ளை வெள்ளையாக, மாத்திரை மாதிரி இருந்தது. இரண்டைப் போட்டான். அவை நேராக மணலில் வந்து உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஊறி, ஓரமெல்லாம் கரைந்து, சுற்றிலும் தண்ணீர் வெள்ளையாக மாறியது.

மணலாளின் மீசை தானாக நீண்டது. புழுவும் தவிடும் கலந்த மணம். வாய் ஊறியது. ஆனால் கண் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டது.

"பாலு!" என்று கத்தினாள். புழுதியை முட்டித் தள்ளிக்கொண்டு போய் மூலையில் இருந்த கல்லுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

பவுன்ராசு மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன தங்கச்சி, பேயைக் கண்ட மாதிரி ஓடுற?"

மணலாள் குண்டானில் ஆரம்பித்து குழம்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பவுன்ராசு முழுதும் கேட்டான். அவன் வால் மெல்ல ஆடியது.

"நீ சொல்றது சரிதான்," என்றான். "இதுவும் பால்தான். காய்ச்சி, உருட்டி, வெயில்ல போட்டு எடுத்தது. நீங்க கிட்டக்கூடப் போகாதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

"உங்களைச் சட்டியில போட மாட்டாங்களா, அண்ணே?"

"என் நிறத்தைப் பாரு. இதைக் குழம்புல போட்டா குழம்பு என்னத்துக்கு ஆகும்? நான் பார்வைக்கு, நீங்க பந்திக்கு. உங்களுக்காகத்தான் இந்தக் கண்றாவியை எல்லாம் நான் தின்னு தீர்க்கிறேன்." சொல்லிக்கொண்டே இரண்டு மாத்திரையையும் விழுங்கினான்.

நல்ல மனுசன் என்று மணலாள் நினைத்தாள். ஆனாலும் மீசை கேட்கவில்லை, அந்த மணத்துக்கே இழுத்தது. கண் ஒன்று சொல்கிறது, மீசை ஒன்று சொல்கிறது. எதை நம்புவது? கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையிடம் போனாள்.

"மாமா, அந்த வெள்ளை உருண்டை பாலா?"

நத்தை கொம்பை நீட்டியது. கொம்பை இழுத்துக்கொண்டது. நகர்ந்து போய்விட்டது.

"பெரிய மனுசருன்னு கேட்டா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாரு," என்று மணலாள் முணுமுணுத்தாள்.

மறுநாளும் வெள்ளைத் தீனி விழுந்தது. பவுன்ராசுதான் தின்றான். மணலாள் மறுபடியும் நத்தையிடம் போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டாள். "மாமா, அதைத் தின்னா நாங்க உயிரோட இருப்போமா?"

இந்தத் தடவை நத்தை உடனே வாயைத் திறந்தது. "இல்லை."

மணலாள் கல்லுக்குப் பின்னால் ஓடினாள். அன்று முழுதும் கல்லைவிட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் இன்னொரு மாதிரி கேட்டுப் பார்த்தாள். "மாமா, அதைத் தின்னா எங்களைச் சட்டியில போட்டுருவாங்களா?"

"இருப்பீங்க," என்றது நத்தை.

"எங்க இருப்போம்? சட்டியிலயா?"

நத்தை அதற்குள் ஓட்டுக்குள் போயிருந்தது.

மணலாளுக்குத் தலை சுற்றியது. நேற்று இல்லை என்றார், இன்றைக்கு இருப்பீங்க என்கிறார். அந்த நேரம் பார்த்து அழகம்மாள் கண்ணாடியருகே குனிந்து புருஷனிடம் பேசியது வேறு காதில் விழுந்தது.

"இப்படிப் பட்டினி கிடந்து சாகிறதுக்கு, அன்னைக்கே சட்டியில போட்டிருக்கலாம்."

அப்படியென்றால்? தின்றாலும் சட்டி, தின்னாவிட்டாலும் சட்டியா? மணலாள் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்று சுற்றினாள். கண்ணாடியில் தெரிந்த அயிரையும் இரண்டு சுற்று சுற்றியது. அதற்கும் ஒன்றும் புரியவில்லை போல.

புழுதி மணலில் ஒருக்களித்துக் கிடந்தாள். மணலுக்குள் புதையக்கூட அவளுக்குத் தெம்பில்லை. செவுள் மட்டும் அசைந்தது. இன்னும் ஒரு நாள் தாங்குவாளா என்று மணலாளுக்குத் தெரியவில்லை. இப்படியே இவள் போய்விட்டால், இத்தனை பெரிய தண்ணீரில் யாரோடு பேசுவது?

"அக்கா," என்றாள் புழுதி, மெதுவாக. "படுத்துக் கிடந்து யோசிச்சேன். அந்த மாமா நாம கேக்கிறதுக்குப் பதில் சொல்லல. முந்தின நாள் கேட்டதுக்கு இன்னைக்குச் சொல்றாரு."

"என்னடி உளர்ற?"

"முதல் நாள் நீ பாலான்னு கேட்ட. மறுநாள்தான் 'இல்லை'ன்னாரு. ரெண்டாம் நாள் உயிரோட இருப்போமான்னு கேட்ட. இன்னைக்கு 'இருப்பீங்க'ன்னு சொல்றாரு. அவ்வளவுதான் அக்கா. அது பால் இல்லை. தின்னா உயிரோட இருப்போம்."

மணலாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வருவது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. "அப்படின்னா பவுனண்ணன் ஏன் பால்னு சொன்னாரு?"

"அவரு வயித்தைப் பாரு, தெரியும்."

பவுன்ராசுவின் வயிறு தேங்காய் மாதிரி உப்பியிருந்தது. நாலு பேர் தீனியை ஒருவனே தின்றால் வேறெப்படி இருக்கும்? ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தான். மூடி திறந்தது, வெள்ளைத் தீனி விழுந்தது. அதைப் பிடிக்கத் தலையைக் கீழே குத்தினான். உடம்பு உருண்டு மேலே வந்தது. மறுபடி குத்தினான், மறுபடி வந்தது. தீனி பத்திரமாக மணலில் போய் உட்கார்ந்தது.

புழுதி வாலை இழுத்து இழுத்து அதனிடம் போனாள்.

"வேண்டாம்டி!" என்றாள் மணலாள்.

புழுதி ஒரு வாய் கடித்தாள்.

அடுத்த நொடியே மேலேயிருந்து ஒரு வலை இறங்கியது. தொட்டிக்கு வந்த நாளிலிருந்து மணலாள் பார்க்காத வலை. பால் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தாள். ஓடவில்லை. நேராகப் பாய்ந்து தங்கையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கண்ணை இறுக்கினாள். போனால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம்.

வலை அவர்கள் தலைக்கு மேலே போனது. சாய்ந்து கிடந்த பவுன்ராசுவை அள்ளிக்கொண்டு மேலே ஏறியது.

"ஐயையோ! என்னை எதுக்கு? நான் பார்வைக்கு!" என்று கத்திக்கொண்டே போனான் பவுன்ராசு.

தொட்டியின் பக்கத்தில், ஒரு ஸ்டூலின் மேல் கண்ணாடி ஜாடி இருந்தது. அவனை அதில் விட்டார்கள். வயிறு உப்பிய மீனுக்குப் பட்டினியும் உப்புத்தண்ணீரும்தான் வைத்தியம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அழகம்மாள் அடுப்படியிலிருந்து கல்லுப்பை எடுத்து வந்து ஜாடியில் போட்டாள்.

பவுன்ராசு அந்தக் கல்லுப்பைப் பார்த்தான். மணலாள் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முதலில் பால், அப்புறம் கல்லுப்பு. தீனியைப் பால் என்றது தான் கட்டிவிட்ட பொய் என்பதே ஒரு நொடி அவனுக்கு மறந்துபோனது.

"மாமா! நத்தை மாமா! என்னைக் குழம்பு வைக்கப் போறாங்களா? சொல்லுங்க மாமா!"

தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை கொம்பை நீட்டியது. இழுத்துக்கொண்டது.

"தங்கச்சி, நான் சொன்னது பொய்! அது பால் இல்லை, வெறும் தீனி! பாலுன்னு சொன்னா நீங்க தொட மாட்டீங்கன்னு சொன்னேன். நான் பால் குடிக்கலைன்னு அழகம்மாகிட்ட யாராவது சொல்லுங்களேன்!"

மணலாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்குக் கீழே புழுதி இன்னும் மென்றுகொண்டிருந்தாள். "எந்திரி அக்கா, கனக்குது," என்றாள்.

மணலாள் மீசையால் தீனியைத் தொட்டாள். மீசை முதல் நாள் சொன்னதையேதான் இன்றைக்கும் சொன்னது. கடித்தாள். வயிறு நிறையத் தின்றாள்.

"பாருங்க, திங்குதுங்க!" என்றாள் அழகம்மாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அன்னைக்குக் குண்டான் நசுங்கலுக்குள்ள ரெண்டு ஒட்டிக்கிட்டுக் கிடந்திருக்கு. கழுவறப்பதான் பார்த்தேன். குழம்பு கொதிச்சு இறக்கியாச்சு. ரெண்டுக்காக இன்னொரு தடவை அடுப்பு பத்த வைக்கவான்னு தொட்டியில விட்டுட்டேன்."

மணலாள் மெல்லுவதை நிறுத்தினாள். அப்படியானால் பால் குடிக்காததால் பிழைக்கவில்லையா? குண்டான் நசுங்கியிருந்ததால்தானா?

"ஏன்டி, அப்ப பாலுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? தள்ளு, அந்தத் துண்டு என்னுது," என்றாள் புழுதி.

மறுநாள் மணலாள் கேட்காமலே நத்தை வந்து சொன்னது. "போட மாட்டாங்க." மூன்றாம் நாள் கேட்டதற்கான பதில் அது.

நாலு நாள் கழித்து வயிறு வற்றி, முகம் வாடித் தொட்டிக்குத் திரும்பி வந்தான் பவுன்ராசு. மணலில் கிடந்த தீனியைப் பார்த்தான். அயிரைகளைப் பார்த்தான். மேலே போய்விட்டான். நத்தை கண்ணாடி வழியாக மெல்ல ஊர்ந்து, நாலு நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பதிலை அவன் காதருகே கொண்டுவந்து இறக்கியது.

"இல்லப்பா, குழம்பெல்லாம் வைக்க மாட்டாங்க."

ஒரு தடவை பிழைத்ததற்குத் தானாக ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு அதையே பிடித்துத் தொங்குகிறவரை ஏமாற்ற, அடுத்தவர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. அதற்கு ஆமாம் போட்டாலே போதும்.