புழங்காத காசு கேட்டவர்

"டீச்சர், இந்த ரெண்டுல எதை எடுத்துக்கிட?"

குற்றாலிங்கம் உட்காரக்கூட இல்லை. நின்ற வாக்கிலேயே கேட்டார்.

ஜெபக்கனி மேசை விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து விட்டாள்.

பாளையங்கோட்டையில் பழங்காசுக் கடை வைத்திருப்பவள் அவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் காசு சேர்க்கிற ஆட்கள் அத்தனை பேரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயசு. சீடர் குற்றாலிங்கத்துக்கு எழுபத்தாறு. பஸ்ஸில் கண்டக்டராக ஓடி ஓய்ந்த மனுஷன். வயசு தலைகீழாக இருந்தால் என்ன? அவள் சொன்னால் இவருக்கு மறுபேச்சு கிடையாது.

மேசைமேல் இரண்டு வெள்ளி ரூபாய். ஒரே வருஷத்துக் காசு. இரண்டிலும் அதே ராஜா தலை.

ஒன்று புழங்காதது. அச்சடித்த நாளிலிருந்து யார் மடியிலும் ஏறாதது. பிளாஸ்டிக் டப்பிக்குள் அப்படி மின்னிக்கொண்டு கிடந்தது.

இன்னொன்று லேசாகப் புழங்கியது. ராஜாவின் கன்னத்திலும் புருவத்திலும் மட்டும் ஒரு நூல் தேய்மானம். நிறம் கொஞ்சம் மங்கல். டப்பியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஆல்பத்துக்கா அண்ணாச்சி?"

"ஆல்பத்துக்குன்னா நான் ஏன் கேக்கப் போறேன்? அதான் நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்களே. லேசாப் புழங்கினதுன்னா விலை தோதா இருக்கும், எழுத்தும் தலையும் தெளிவாத் தெரியும், பயப்படாமக் கையில எடுத்துப் பாக்கலாம். மினுமினுப்புத்தான் வேணும்னா புழங்காதது. ஆனா அதைத் தொடப்பிடாது."

"பாடமெல்லாம் நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. பெறகு என்ன?"

"இது ஆவுடைக்கு."

ஆவுடை அவர் மனைவி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி விட்டார்கள். அது முந்தாநாள். மகனும் மகளும் ரயில் ஏறியாயிற்று.

ஜெபக்கனி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

"நெத்தியில காசு வைக்க வழக்கம் எங்க ஆளுகளுக்குக் கிடையாது. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. எதுக்கு வைப்பாங்க?"

"எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆள் போனதும் நெத்தியில சந்தனத்தை வச்சு அதுமேல ஒரு காசை ஒட்டுவாங்க. வழிச்செலவுக்குங்காங்க. எங்கப்பா போனப்ப வீட்ல ஒரு காசு ஆம்புடல. நான் டூட்டி முடிஞ்சு அப்படியே வந்து நிக்கேன். தோள்ல காசுப் பை தொங்குது. ஒருத்தர் கையை விட்டு எடுத்து வச்சுட்டாரு. ஊரெல்லாம் சுத்தின காசு. வேர்வையும் வெத்தலைச் சாறும் பட்டு, பல்லுக்காவி மாதிரி இருந்துச்சு. அதை வச்சுத்தான் அவரை அனுப்பினேன். இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கு."

வெளியே ஒரு ஆட்டோக்காரன் யாரையோ ஏசிக்கொண்டு போனான்.

"அதனால இவளுக்கு ஒருத்தர் கையும் படாத காசா இருக்கணும் டீச்சர். அதுவும் அவ பிறந்த வருஷத்துக் காசு. மூணு மாசமாத் தேடச் சொன்னேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க."

"முடிவு பண்ணிட்டேன். நீங்களும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது."

ஜெபக்கனி டப்பியைத் திறந்தாள். புழங்காத காசை மெத்தென்ற துணிமேல் கவிழ்த்தாள்.

"எடுங்க."

அவர் கை தன்னால் கிளவுஸைத் தேடிப் போனது. அவள் அதை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"வெறுங்கையால எடுங்க அண்ணாச்சி."

"என்ன டீச்சர் விளையாடுதீங்க? ரேகை பட்டா அம்புட்டுத்தான், பெறகு அது புழங்காத காசே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். எடுங்க."

விரல் காசுக்கு அரை அங்குலம் மேலே போய் நின்றது. நின்றது நின்றதுதான். இறங்க மாட்டேன் என்கிறது.

"அங்க கிளவுஸ் போட்டுக்கிட்டா வைப்பீங்க?"

"ஓரத்தைப் பிடிச்சு வச்சிருவேன்."

"சந்தனத்துல ஒட்டணும்லா?"

குற்றாலிங்கம் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது யோசிப்பாரே, அதே மாதிரி யோசித்தார்.

"டீச்சர், சந்தனம் பட்டா வெள்ளி கறுக்குமோ?"

கேட்டு விட்டார். கேட்ட வாய் அப்படியே திறந்திருந்தது.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. கடிந்துகொள்ளவும் இல்லை. புழங்கிய காசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதுல என்னெல்லாம் குறை இருக்கு? சொல்லுங்க."

இது அவருக்குத் தெரிந்த வேலை. மளமளவென்று வந்தது. "கன்னத்துல தேய்மானம். புருவத்துல தேய்மானம். பின்பக்கம் பூவுக்குக் கீழ பொடிசா ஒரு கீறல். இடது ஓரத்துல ஒரு நசுங்கல், கீழ விழுந்திருக்கும்."

"சரியாச் சொன்னீங்க. ஆவுடை மைனி நெத்தியில?"

"என்னது?"

"மைனி நெத்தியில என்னெல்லாம் இருக்கு?"

"பொட்டு இருக்கும். துன்னூறு இருக்கும்."

"அது அவங்க வைக்கது. நெத்தியில?"

அவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். ஐம்பத்தோரு வருஷக் குடித்தனம். அந்த முகத்தை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். மூக்குத்தி வந்தது. கோபம் வந்தால் கோணுகிற வாய் வந்தது. நெற்றி வரவில்லை.

"ஒண்ணுமில்லாம வெறுசா இருக்கும்னு நினைக்கேன்."

"நினைக்கீங்க."

அவர் எழுந்தார். வேட்டியைச் சரி செய்தார். இரண்டு காசும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

"எந்தக் காசுன்னு நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்."

"நாளைக்குச் சொல்லுதேன். இப்ப வீட்டுக்குப் போங்க."

"நாளைக்கு அவ..."

"அதுக்குத்தான் சொல்லுதேன். போங்க அண்ணாச்சி."

போனார். செருப்பை வீட்டு வாசலில் எப்படி விட்டார் என்று அவருக்கே தெரியாது.

ஆவுடை சன்னல் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அம்மா, காப்பி போட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். வெயில் தலைமாட்டில் சாய்ந்து விழுந்திருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார்.

குறுக்கே மூன்று கோடு. நடுக்கோடு மட்டும் பாதியில் அறுந்து மறுபடி தொடங்கியது. இத்தனை வருஷம் பொட்டு வைத்த இடம் சுற்றிலும் இருப்பதைவிடக் கறுத்து, தோல் வழவழத்துப் போயிருந்தது. இடது பக்கம், முடி தொடங்குகிற இடத்தில், ஒரு பழைய தழும்பு. வெள்ளரி விதை நீளம் இருக்கும்.

"என்ன அப்படிப் பாக்கீங்க? என்னைத் தூக்கக் கூட்டம் சேர்ந்துட்டா?" கண்ணைத் திறக்காமலே ஆவுடை கேட்டாள்.

"இது எப்பம்?"

"எது?"

அவர் தழும்பைத் தொட்டார்.

"அதுவா? மூத்தவன் வயித்துல இருக்கையில. அம்மிப் பக்கத்துல வழுக்கி விழுந்தேன். நாலு தையல்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க பஸ்ஸோட நைட் ஹால்ட்டு போயிட்டு மறுநா வந்தீக. கட்டோட நின்னுதான் சோறு போட்டேன். தின்னுட்டுத் தூங்கிட்டீக."

அவர் உள்ளங்கையை விரித்து நெற்றி முழுக்க வைத்தார். காய்ச்சல் கொதித்தது.

ஆவுடை ஒரு பெருமூச்சு விட்டாள்.

"கை நல்லாக் குளுந்து கிடக்கு. எடுத்துராதீங்க."