மைனஸ் நாப்பதாவது மாடிக்குப் போன லிஃப்ட்

எங்க கம்பெனியில லிஃப்ட்டுக்கு புரோகிராம் எழுதறோம். அங்க ஒரு வழக்கம் உண்டு. புதுசா ஒரு புரோகிராமை ஏத்தினா, "டெஸ்ட் பண்ணியாச்சு, கோளாறு இல்ல"ன்னு சொன்ன ஆள்தான் அதுல முதல் சவாரி போகணும். மேனேஜர் தணிகாசலம் கொண்டுவந்தது. இதனாலயே எங்க ஆபீஸ்ல யாரும் அவசரப்பட்டு வாயை விடமாட்டாங்க, ஆவுடையப்பனைத் தவிர.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் நாலாவது மாடி பேன்ட்ரியில டீ குடிச்சிக்கிட்டிருந்தோம். ஆவுடையப்பன் பெட்டியைக் காலுக்கு நடுவுல வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இது தலை தீபாவளி. சங்கரன்கோவில்ல மாமனார் எண்ணெயும் வேட்டியும் எடுத்து வச்சிக்கிட்டுக் காத்திருக்கார். சாயங்கால பஸ்ஸை விட்டா விடிகாலை எண்ணெய்க் குளியல் கிடையாது, அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும். ஆனா டெஸ்ட் முடிஞ்சாத்தான் லீவுன்னு மேனேஜர் சொல்லிட்டார்.

"டெஸ்ட் என்னாச்சு?"ன்னு ஜெபராணி கேட்டா. எழுதின புரோகிராமை எல்லாம் ஒண்ணாச் சேத்துக் கட்டித் தர்றது அவ வேலை.

"முடிஞ்சிட்டுல்லா. சாதாரண டெஸ்ட்டா அது? கண்ட குப்பையையும் அள்ளி உள்ள கொட்டி, புரோகிராம் எந்த எடத்துல செத்து விழுதுன்னு பாக்கணும். ஆனா நம்ம புரோகிராம் இருக்கே, மகா சோம்பேறி. கதவு மூட காத்திருக்கும், திறக்க காத்திருக்கும். எவனாவது நெட்வொர்க்ல வந்து பட்டனை அமுக்குனாத்தான் அசையும். இப்படி இருந்தா என் பேரன் வந்துதான் டெஸ்ட்டை முடிக்கணும். அதனால லைப்ரரின்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதுனேன் பாத்துக்கிடுங்க. புரோகிராம் கிளம்புததுக்கு முன்னாலயே அதைக் கொண்டுபோய் வாசல்ல உக்கார வச்சிட்டேன். புரோகிராம் வெளிய என்ன கேட்டாலும் என் லைப்ரரிதான் பதில் சொல்லும், குப்பையும் அது வழியாத்தான் உள்ள போகும். 'கொஞ்சம் தூங்கிக்கிடட்டா'ன்னு கேட்டா, 'தூங்கி எந்திரிச்சாச்சு, போய் வேலையைப் பாரு'ன்னு சொல்லிரும்."

"சரி, வேகமா ஓடியிருக்கும்"னேன் நான்.

"வேகமா? கம்ப்யூட்டர் ஃபேன் சுத்துன சுத்துல மேசை மெல்ல மெல்ல நகர ஆரம்பிச்சிட்டு. நான் சேர்ல உக்காந்தபடியே பின்னாலயே போறேன். அக்கவுன்ட்ஸ் ரூம் வாசல்ல வச்சுத்தான் பிடிச்சேன். அங்க ஒரு அம்மா குளிருதுன்னு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாங்க."

"அந்த ரூம்ல ஏசியே ஓடலை"ன்னா ஜெபராணி.

"அதைத்தான் நானும் சொல்லுதேன். ஏசி இல்லாமலே குளிர்னா பாத்துக்கிடுங்க. அடுத்தாப்ல புரோகிராம் மணி என்னன்னு கேட்டுச்சு. என் லைப்ரரி அறுபது வருசத்தைத் தள்ளிச் சொல்லிட்டு. அவ்வளவுதான், லிஃப்ட்டுக்கு வயசாயிப்போச்சு. ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்குது. பென்சன் எப்ப வரும்னு திரையில எழுதிக் கேக்குது."

எனக்கு டீ புரை ஏறிடுச்சு. ஜெபராணி மட்டும் சிரிக்கலை.

"டெஸ்ட் நடந்தது கம்ப்யூட்டர்ல. லிஃப்ட் எங்கேருந்து வந்துச்சு?"

"எம்மா, நடுவுல பேசுனா கோர்வை விட்டுப்போகும். இப்பத்தான் குப்பையைக் கொட்டுதேன். மூணரையாவது மாடின்னு போட்டேன். போச்சு. கதவு திறந்தா அங்க ஒரு ஆபீஸே நடக்கு. இருபது பேரு குனிஞ்சு வேலை பாக்கான். நம்ம பஜ்ஜியை விட அங்க பஜ்ஜி பெருசு. ஒருத்தன் தலையைத் தூக்கி, 'கதவை மூடுங்க சார், தூசி வருது'ங்கான்."

"ஒரு பஜ்ஜி கொண்டு வந்திருக்கலாமே"ன்னேன்.

"கொண்டாந்தேன்டே. மூணாவது மாடி வந்ததும் பாதியாயிட்டு. தின்னுட்டேன். கடைசியா மைனஸ் நாப்பதாவது மாடின்னு போட்டேன். இறங்குது, இறங்குது, தண்ணி வந்துட்டு. பக்கத்து மனையில போர் போட்டுக்கிட்டிருந்தவன், 'நாங்க குழாய் இறக்குத எடத்துல லிஃப்ட்டு வந்து நிக்குது'ன்னு கோவிச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்."

ஜெபராணி டம்ளரைக் கீழே வச்சா.

"இவ்வளவு குப்பையைக் கொட்டியும் புரோகிராம் ஒரு தடவைகூட விழலையா?"

"ஒரு தடவைகூட விழலையே. கல்லு மாதிரி நின்னுச்சு. சார்கிட்டயும் சொல்லிட்டேன். அந்த லைப்ரரியைத்தான் ஊருக்கும் கொண்டுபோறேன். மாமனார் என்ன கேட்டாலும் எனக்கு முன்னால அது பதில் சொல்லிரும். நான் பாட்டுக்கு அதிரசம் தின்னுக்கிட்டிருப்பேன்."

"நேத்து காலையில நான் கட்டுற முறையையே மாத்திட்டேன் ஆவுடையண்ணா. அதுக்கு வேண்டிய லைப்ரரி எல்லாத்தையும் புரோகிராமுக்குள்ளயே வச்சு ஒட்டியாச்சு. இனிமே அது வெளிய யாரையும் எதுவும் கேக்காது. நீங்க வாசல்ல உக்கார வச்ச லைப்ரரியை அது திரும்பிக்கூடப் பாத்திருக்காது."

"அப்ப நான் கொட்டுன குப்பை?"

"வெளியவே கிடக்கு. உங்க புரோகிராம் யாராவது பட்டனை அமுக்குவாங்கன்னு நேத்துலேருந்து சும்மா காத்துக்கிட்டிருக்கு. அப்புறம் எப்படி விழும்?"

ஆவுடையப்பன் பெட்டியை இன்னும் கிட்ட இழுத்துக்கிட்டான்.

அந்த நேரம் பாத்து தணிகாசலம் சார் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆவுடை, புது புரோகிராமை நம்ம லிஃப்ட்லயே ஏத்தியாச்சு. வாங்க, முதல் சவாரி. கீழே ஆட்டோ நிக்குது, அப்படியே பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

லிஃப்ட் கதவு திறந்து நின்னுச்சு. ஆவுடையப்பன் பெட்டியை எடுத்தான். லிஃப்ட்டைப் பாத்தான், ஜெபராணியைப் பாத்தான். பேசாம ஏறியிருந்தா மாமனார் வீடு.

"சார், நான் படியிலயே இறங்கிருதேன்."

எங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான், டெஸ்ட் முடியலை. தணிகாசலம் சார் சிரிப்பை நிறுத்தி, லிஃப்ட் சுவிட்சை அணைச்சிட்டு, ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிட்டார்.

ஜெபராணி பழைய முறைப்படி புரோகிராமைக் கட்டிக் கொடுத்தா. ஆவுடையப்பன் லைப்ரரியை முன்னால ஏத்தி, குப்பையைத் திறந்துவிட்டான். நிஜமாவே நல்லா எழுதியிருந்தான், அதையும் சொல்லணும். டீ டம்ளரைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள புரோகிராம் விழுந்துடுச்சு. எந்தக் குப்பையில விழுந்துச்சுன்னு மூணு பேரும் குனிஞ்சு பாத்தோம்.

மாடி எண்: மைனஸ் நாப்பது.

"நான் சொன்னேன்லா"ன்னான் ஆவுடையப்பன், மெதுவா. அவனுக்கே பயமா இருந்துச்சு. ஜெபராணி அப்பத்தான் சிரிச்சா, மேசையைப் பிடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

அதைச் சரிபண்ணி முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடுச்சு. அவன் மாமனாருக்கு போன் போட்டான். அவசரத்துல ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிட்டான்.

"மாமா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. லிஃப்ட்டு மைனஸ் நாப்பதாவது மாடிக்குப் போயிட்டு. அதைத் தூக்கி நிப்பாட்டிட்டுப் பாத்தா பஸ்ஸைக் காணோம். சத்தியமா மாமா, இங்க ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

மாமனார் அந்தப் பக்கம் யாரையோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"மாப்ள, தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்லா. சரி, காலையில முத பஸ்ஸைப் பிடிங்க. எண்ணெயை மூடி வைக்கச் சொல்லுதேன்."