பதினோராம் வீட்டுக்காரன்

"ஒருத்தன் யாருங்கறது, அவனால யாருக்கும் கொடுக்க முடியாததுல…" என்று ஈயத்தின் அப்பா ஏதோ சொல்லுவாராம். மிச்சம் ஈயத்துக்கு மறந்துபோய்விட்டது.

அந்தக் காலத்தில் அணுக்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. அவர்கள் ஊருக்கு ஈயம்தான் தலைவர். கனத்த ஆள், எழுவதும் மெதுவாக, பேசுவதும் மெதுவாக. ஊர் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களைச் சுற்றி ஓடும் எலக்ட்ரான்களை எண்ணுவார். எட்டு என்றால் ஆக்சிஜன், பத்து என்றால் நியான், பதினொன்று என்றால் சோடியம். எண்ணிக்கை சொல்லும் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்.

சோடியம் இருப்புக்கொள்ளாதவன். அவனுடைய பதினோராவது எலக்ட்ரான் ஓரத்தில் தனியே சுற்றிச்சுற்றி அவனைப் படுத்தியெடுக்கும். வெளியூர் போன இடத்தில் குளோரினைப் பார்த்தான். குளோரினுக்கு ஒன்று குறைந்தது. கேட்பதற்கு முன்பே சோடியம் தன்னுடையதை எடுத்து நீட்டிவிட்டான். இருவரும் ஒட்டிக்கொண்டு, உப்பாகி, நெடுங்காலம் ஒரே குடித்தனமாக இருந்தார்கள். பிறகு ஒரு பெருமழை வந்து உப்பைக் கரைத்தது. வாங்கிய எலக்ட்ரானோடு குளோரின் ஒரு பக்கம் போனான். சோடியத்துக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது.

வாசலில் ஈயம் அவனைச் சுற்றி எண்ணினார்.

"வாப்பா நியான். நீ எப்போ வெளியே போனே?"

"பெரியப்பா, நான் சோடியம். பதினோராம் வீடு."

மறுபடி எண்ணினார். பத்துதான். அதற்குள் நியான் வீட்டு ஜன்னல் திறந்தது. தான் எங்கும் போவதில்லை, யாரோடும் ஒட்டுவதில்லை என்பது ஊருக்கே தெரியும், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பது எவன் என்று நியான் சத்தம் போட்டான்.

"உங்க பேரை நான் எங்கேங்க சொன்னேன்?" என்றான் சோடியம்.

பொழுது சாய்ந்தால் வாசலை அடைத்துவிடுவார்கள். யாரென்று தெரியாதவனுக்கு உள்ளே இடமில்லை. அவன் வீடு வேறொருவருக்குப் போய்விடும். நின்ற இடத்திலிருந்தே சோடியத்துக்குத் தன் வீட்டுக் கதவு தெரிந்தது.

எடை போட்டுப் பார்க்கலாமே என்றான் நியான். அது சரிப்படாது என்று ஈயம் தலையை ஆட்டினார். கார்பன் வீட்டு அண்ணன் தம்பிகளே ஆளுக்கொரு எடை. ஒருவனிடம் நியூட்ரான் கூடுதல், ஒருவனிடம் குறைவு. அதற்காக அவர்கள் கார்பன் இல்லை என்று ஆகிவிடுமா?

"அந்த ஒண்ணை எங்கே தொலைச்சே?" என்று சோடியத்திடம் கேட்டார்.

"தொலைக்கல, கொடுத்துட்டேன். அது போன பிறகுதான் நிம்மதியாத் தூங்கறேன்."

"வேற என்ன கொடுத்தே?"

"வேற என்ன இருக்கு? அணுக்கருவுக்குள்ள இருக்கிற புரோட்டானை யாரும் கேட்கல. கேட்டாலும் என்னால எடுத்துக் கொடுத்திருக்க முடியாது."

ஈயம் சட்டென்று நிமிர்ந்தார். அப்பா பேச்சின் மறந்துபோன பாதி அவர் நினைவுக்கு வந்துவிட்டது: கொடுக்க முடியாததுலதான் இருக்கு.

"உள்ளே காட்டு" என்றார்.

சோடியம் நெஞ்சைத் திறந்தான். ஈயம் அவசரப்படாமல் புரோட்டான்களை எண்ணினார். பதினொன்று. நியானை இறங்கிவரச் சொல்லி அவன் நெஞ்சுக்குள்ளும் எண்ணினார். பத்து.

"நம்ம சோடியம்தான்" என்றார் நியானிடம். "நீ போய்ப் படு."

சோடியம் நேரே பதினோராம் வீட்டுக்குப் போனான். சாத்தியிருந்த கதவைத் தள்ளினான், அது திறந்துகொண்டது.

ஓர் அணுவைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான் இருந்தாலும், அதன் எடை எவ்வளவாக இருந்தாலும், அணுக்கருவிலுள்ள புரோட்டான்களை மட்டும் எண்ணி அது எந்தத் தனிமம் என்று சொல்லவேண்டும் என அன்றுதான் ஈயம் வழக்கத்தை மாற்றினார்.