ஊருக்கு ஒரு விரல்

கீழப்பாறைப்பட்டியில் மூன்று நண்பர்கள் மூன்று மாதம் சோறு ஆற ஆற விவாதித்த கேள்வி ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிளுக்குக் கேபிள் கிளட்ச் சிறந்ததா, ஹைட்ராலிக் கிளட்ச் சிறந்ததா? மூவரில் ஒருவனும் அதுவரை மோட்டார் சைக்கிள் ஓட்டியதில்லை என்பதால் விவாதம் தங்குதடையின்றி நடந்தது.

கேபிள் கிளட்சைக் கம்பி இழுக்கும், அறுந்தால் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றான் சடகோபன். ஹைட்ராலிக் கிளட்சை எண்ணெய் தள்ளும், நாள் முழுக்கப் பிடித்திருந்தாலும் கை வலிக்காது என்றான் பொன்னுரங்கம். நாள் முழுக்க எதற்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்க அரியநாயகத்துக்கு வாய்வரை வந்தது. மாப்பிள்ளை ஆகப்போகிறவன் சில்லறைக் கேள்வி கேட்கலாகாது என்று விழுங்கிக்கொண்டு, ஹைட்ராலிக் வண்டியையே வாங்கினான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் ஊரான வேம்பனூர் வழியில் நான்காவது ஊர். விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்காவிட்டால் பேச்சு முறிந்தது என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். அரியநாயகத்துக்கு வயது முப்பத்தேழு. இன்னொரு பேச்சு தொடங்குவதற்கு ஊரில் தரகர் எவரும் மிச்சமில்லை.

வண்டியைக் கொடுத்த மெக்கானிக் ஜமீலா பானு சொன்னது இவ்வளவுதான்: "கிளட்சை மெதுவா விடுங்கண்ணே, சட்டுனு விட்டா வண்டி பாஞ்சிரும். வண்டி நிக்கப் பிடிக்கிறதும் அப்படித்தான், பதறாதீங்க."

வெள்ளி விடியலில் எஞ்சின் உறுமியது. கியர் விழுந்தது. கிளட்ச் லிவரின் மேல் அரியநாயகத்தின் நான்கு விரல்கள்.

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?" என்றான்.

சடகோபன் ஆழ்ந்து யோசித்தான். "வேம்பனூர் நாலாவது ஊரு. உனக்கு விரலும் நாலு."

"ஊருக்கு ஒண்ணா?"

"இதைவிட மெதுவா யாரு மாப்ளே விட முடியும்?"

முடியாதுதான். அரியநாயகம் லிவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, மற்ற இருவரும் வண்டியைத் தள்ளினார்கள். முதல் ஊரில் சுண்டுவிரலை எடுத்தான். மூவரும் இளநீர் குடித்தார்கள். உச்சிவெயிலில் வேம்பனூர்ப் பந்தல் தெரிந்தது. வாசலில் பெண் செண்பகவடிவு நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே கடைசி விரலை எடுத்தான்.

வண்டி பாய்ந்து பந்தலைக் கடந்தது.

பிரேக்கைப் பற்றி ஜமீலா பானு ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லாததைத் தொடுவது அவனுக்கு முறையாகப் படவில்லை. பதறாமல், ஊருக்கு ஒரு விரலாக, லிவரைப் பிடித்தான். வேம்பனூரிலிருந்து நான்காவது ஊரில் வண்டி சமர்த்தாக நின்றது.

நண்பர்கள் நாக்குத் தள்ள ஓடிவந்து, விளக்கு வைக்க இன்னும் நேரமிருக்கிறது என்று தேற்றினார்கள். வண்டியைத் திருப்பினார்கள். அரியநாயகம் வெயிலை அண்ணாந்து பார்த்தான். ஆனாலும் மெதுவாகத்தானே விட வேண்டும்? மறுபடி நான்கு ஊர், நான்கு விரல்.

வேம்பனூரில் பெண்ணின் அம்மா தீக்குச்சியைக் கிழிக்கும் நேரம். பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டோடு வாசலுக்கே வந்து, இறங்குங்க மாப்பிள்ளை என்றார்.

"அப்பா, தட்டோட தள்ளி நில்லுங்க," என்றாள் செண்பகவடிவு. "அவர் கையில இன்னும் ஒரு விரல் இருக்கு."

அதை அவன் எடுத்தான்.

விளக்கு வைத்து வெகுநேரத்துக்குப் பின் வண்டி நான்காவது ஊரில், அதாவது கீழப்பாறைப்பட்டியில், அவன் வீட்டு வாசலிலேயே இம்மி பிசகாமல் நின்றது. நண்பர்கள் வந்து சேர்ந்தபோதும் லிவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"கை வலிக்குதா மாப்ளே?" என்றான் பொன்னுரங்கம்.

"துளிகூட இல்ல."

பொன்னுரங்கம் சடகோபன் பக்கம் திரும்பினான். "இதுவே கேபிளா இருந்தா, கை வலிச்சு பொண்ணு வீட்டுலயே இறங்கியிருப்பான்."

சடகோபன் தோல்வியை ஒப்புக்கொண்டான்.