வைகுந்தராஜன் போட்ட பிராஞ்ச்

தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனி. எல்லாரும் சேர்ந்து எழுதும் நிரலின் பொதுப் பிரதியான மெயின் பிராஞ்ச் ஒரு காலையில் கோளாறாகி, பல பக்கங்கள் படுத்துவிட்டன. மேலாளர் வைகுந்தராஜன் ஒப்பந்த ஊழியர் ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நேத்தே எனக்குன்னு தனிப் பிரதியா ஒரு பிராஞ்ச் போட்டுட்டேன், அதுலதான் வேலை பார்த்தேன். மெயினைக் கெடுத்தது நீதான். இல்லைன்னு நிரூபி, முடியலைன்னா கிளம்பு!"

"சரி சார். உங்க பிராஞ்ச்ல, முகப்புப் பக்கத்துல உங்க பேரை எழுதி அனுப்புங்க, பார்ப்போம்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் பெருமையாக எழுதி அனுப்பினார். மெயினைக் காட்டும் சுவர்த் திரையில் 'வைகுந்தராஜன்' என்று பளிச்சென்று வந்தது!

"இது எப்படி இங்கே?"

"பிராஞ்ச் போட்டீங்க சார், ஆனா 'செக்-அவுட்'னு கட்டளை குடுத்து அதுக்குள்ள மாறிப் போகலையே. புது ரூம் கட்டிட்டு, ஹால்லயே நின்னு சுவரை இடிச்சிருக்கீங்க."