பெரிய மூடி விற்கிற கடை

உப்பளத்து ஊர் ஒன்றில் இசபெல் என்று ஒரு டீச்சர் இருந்தார். வாய்க்கால் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைவார். வரையச் சொல்லியும் கொடுத்தார்.

அவருடைய முதல் மாணவி கோமளவல்லி. டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவள்.

கோமளவல்லி வரைய உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். தாளைக் கோணலாகத் திருப்பிப் போட்டு, முழங்கையை உயரத் தூக்கிக்கொண்டு கோடு கோடாக இழுப்பாள். டீச்சரின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அவள் கோடும் அந்தப் பக்கமே சாய வேண்டும். பிறகு மணிக்கட்டுக்குத் தைலம். தேவையா?

ஒரு நாள் டீச்சர், இடது கையில் பென்சிலைச் சுழற்றியபடி சொன்னார்: "அக்கா, நான் ஆராய்ச்சிக் கப்பல்ல ஆறு மாசம் போறேன். திங்கட்கிழமையிலேர்ந்து வகுப்பை நீங்க எடுங்க."

"என்னால ஆகாது டீச்சர்."

"ஏன்?"

"உங்க படத்தைப் பார்த்து நான் போட்டா முக்கால்தான் வருது. என்னைப் பார்த்துப் போடறவங்களுக்கு அரைதான் வரும். அவங்களைப் பார்த்து இன்னொருத்தர் போட்டா என்ன மிஞ்சும்? வகுப்பை மூடிடுங்க. அதான் மரியாதை."

சொல்லிவிட்டுப் பென்சில்களைப் பைக்குள் திணித்தாள். அந்தப் பை இனிமேல் இங்கே வராது என்று முகமே சொன்னது.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் தனியாக, அடியைத் தனியாக மேஜைமேல் வைத்தார்.

"நாம வரையற டயாட்டம்கற பாசியோட ஓடு இப்படித்தான். கண்ணாடி டப்பா. மேல மூடி, உள்ள அடி. அந்த உயிர் ரெண்டு உயிரா பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதி. மூடி கிடைச்சது என்ன செய்யும்?"

"உள்ள அடங்கற மாதிரி ஒரு அடி செஞ்சுக்கும்."

"அடி கிடைச்சது?"

"அதைவிடப் பெருசா ஒரு மூடி வாங்கிக்க வேண்டியதுதான்."

"அதுக்கு அப்படி ஒரு கடை கிடையாதே அக்கா. உள்பக்கமாத்தான் செய்யத் தெரியும். கிடைச்ச அடியையே மூடியா வச்சுக்கிட்டு, அதுக்குள்ள இன்னும் சின்னதா ஒரு அடி செய்யும்."

கோமளவல்லி வீட்டில் அடுக்கு டப்பா புழங்குகிறவள். கணக்கு உடனே பிடிபட்டது.

"அப்ப அடி கிடைச்ச பொண்ணு அம்மாவைவிடச் சின்னது. பேத்தி இன்னும் சின்னது."

"ஆமா."

"நான் சொன்னதைத்தானே சொல்றீங்க! இதுக்கு ஒரு டப்பா வேற."

டீச்சர் சிரித்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

கோமளவல்லி குனிந்தாள்.

"என்ன இது, வெந்த ஜவ்வரிசி மாதிரி? கோடு இல்ல, புள்ளி இல்ல. அழுகிப் போச்சா?"

"பக்கத்துல பாருங்க."

பக்கத்தில் ஒரு ஓடு கிடந்தது. ரொம்பச் சின்னது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் கோடுகள், ஒன்றுகூடப் பிசகாமல்.

"அடடா, எவ்வளவு அழகு! ஆனா காலியா இருக்கே?"

"இதுக்கு மேல சின்னதாக முடியாதுங்கற நிலை வந்துச்சு. ஓட்டைத் தள்ளிட்டு வெளிய வந்துடுச்சு. நீங்க அழுகிப் போச்சுன்னீங்களே, அதுதான் அது. ஓடு இல்லாததால இப்ப பெருக்குது. முதல்ல இருந்த அளவுக்கு வந்ததும் புதுசா ஓடு செஞ்சுக்கும்."

"முதல் அளவுக்கா?"

"முழுசா."

"கோடெல்லாம்?"

"அதுவே போட்டுக்கும்."

"யாரைப் பார்த்து?"

"பார்க்கறதுக்கு அங்க யாரு இருக்கா?"

கோமளவல்லி நிமிர்ந்தபோது குரலில் பழைய வெடுவெடுப்பு இல்லை.

"அதுக்கு ஓடு இருந்துச்சு, தள்ளிடுச்சு. நான் எதைத் தள்றது டீச்சர்?"

டீச்சர் மேஜைமேல் கோணலாகக் கிடந்த அவள் தாளைப் பார்த்தார்.

"நான் பீச்சாங்கைக்காரி அக்கா. சோத்துக்கையால வரையற நீங்க எதுக்குக் கோட்டை அந்தப் பக்கம் சாய்க்கறீங்க?"

கோமளவல்லி பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். தாளை நேராகப் போட்டாள். முழங்கை தானாக மேஜையில் இறங்கியது.